எபிசோட்: பிஸ்மத் எப்படி சூப்பர் கண்டக்டர் ஆச்சு?

மயிலாப்பூர்ல ரூம் கதவைச் சாத்தி, ஃபேனை ஆஃப் பண்ணிட்டு வேர்த்துக்கிட்டே ரெக்கார்ட் பண்றேன். ஃபேன் ஓடினா மைக்ல அந்தச் சத்தம்தான் கேக்கும். இன்னைக்கு பேசப்போற பரிசோதனையிலும் இதே பிரச்சினைதான்: சிக்னல் ரொம்பச் சின்னது, சுத்தி இருக்கற எல்லாத்தையும் அடக்கினாத்தான் தெரியும்.

2023 ஜூலைல வந்த எல்கே-99 ஞாபகம் இருக்கா? அறை வெப்பநிலையிலேயே சூப்பர் கண்டக்டர்னு கொரியாவிலேர்ந்து சொன்னாங்க. காந்தத்து மேல ஒரு துண்டு பாதி மிதக்கற வீடியோ எல்லா குரூப்லயும் சுத்துச்சு. டெல்லியில இருக்கற தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்பட பல இடங்கள்ல செஞ்சு பாத்தாங்க. சூப்பர் கண்டக்டர் இல்லைன்னு ஆயிடுச்சு.

அப்போ மிதந்தது? மிதக்கறது மட்டுமே ஆதாரம் இல்ல. பிஸ்மத்னு ஒரு உலோகம் இருக்கு. அது நம்ம ரூம் சூட்டுலயே காந்தத்தை லேசா தள்ளும். ஆனா அந்தச் சூட்டுல அது சூப்பர் கண்டக்டர் கிடையாது.

சூப்பர் கண்டக்டர்னா ரெண்டு விஷயம் வேணும். மின்தடை சுத்தமா பூஜ்யம் ஆகணும். உள்ள இருக்கற காந்தப்புலத்தை வெளிய தள்ளணும். 1911-ல பாதரசத்துல முதல்ல பாத்தாங்க. ஏன் நடக்குதுன்னு 1957-ல பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் விளக்கினாங்க: படிகத்தோட அதிர்வு உதவியால எலக்ட்ரான்கள் ஜோடி சேருது. அதுக்கு நிறைய எலக்ட்ரான் வேணும். பிஸ்மத்லயோ சுமார் 1 லட்சம் அணுவுக்கு ஒரு எலக்ட்ரான்தான் சுதந்திரமா ஓடுது. ஜோடி சேர ஆளே இல்ல. 0.01 கெல்வின் வரைக்கும் குளிர வெச்சும் முன்னாடி யாருக்கும் ஒண்ணும் கிடைக்கல.

மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துல ஓம் பிரகாஷ், அனில் குமார், தமிழவேள், ராமகிருஷ்ணன் நாலு பேரும் இன்னும் கீழ போனாங்க. ரொம்பச் சுத்தமான பிஸ்மத் ஒற்றைப் படிகம், சாதாரண அழுத்தம். 0.00053 கெல்வின்ல அது காந்தப்புலத்தை வெளிய தள்ளுச்சு. விண்வெளியோட வெப்பநிலை 2.7 கெல்வின், இது அதைவிட சுமார் 5,000 மடங்கு குறைவு. 2016 டிசம்பர்ல 'சயின்ஸ்' இதழ்ல வந்துச்சு.

இப்போ ஃபேன் விஷயத்துக்கு வருவோம். இந்த நிலை எவ்வளவு மென்மையானதுன்னா, சுமார் 5 மைக்ரோடெஸ்லா காந்தப்புலம் போதும், கலைஞ்சுடும். நாம நிக்கற இடத்துல பூமியோட காந்தப்புலமே அதைவிட பல மடங்கு அதிகம். அதனால குளிர வெச்சா மட்டும் பத்தாது, பூமியையே தடுத்து வெளிய நிறுத்தணும்.

"சரி, இதை வெச்சு கரண்ட் கம்பி போட முடியுமா?"ன்னு கேட்டா, முடியாது. பின்ன என்ன லாபம்? கோடு எழுதறவங்களுக்குப் புரியும். பல வருஷமா நம்பி ஓட்டிக்கிட்டிருக்கற ஒரு லைப்ரரில ஒரே ஒரு டெஸ்ட் கேஸ் ஃபெயில் ஆகுது. அதை ஒதுக்கிட்டுப் போகலாம். இல்ல, அங்கதான் நமக்குத் தெரியாத ஏதோ இருக்குன்னு உக்காந்து பாக்கலாம். 1957 விளக்கம் பிஸ்மத்துக்குப் பொருந்தலன்னா எலக்ட்ரான்கள் சேர வேற வழி இருக்கணும்.

விளக்கம் பொருந்தாம போறது இது முதல் தடவை இல்ல. 1986-ல வந்த தாமிர ஆக்சைடு சூப்பர் கண்டக்டர்களுக்கும் அது பொருந்தல. அதுக்கு மாற்று விளக்கம் தேடி 1987-ல ஆண்டர்சனோட சேர்ந்து எழுதினவங்கள்ல ஒருத்தர் பாஸ்கரன். பின்னாடி நம்ம தரமணி கணித அறிவியல் நிறுவனத்துல பல வருஷம் வேலை பாத்தவர். அறை வெப்பநிலை சூப்பர் கண்டக்டரை எங்க தேடணும்னு தெரிய இந்த விளக்கம்தான் வேணும். அது இல்லாம தேடறது இருட்டுல துழாவற மாதிரி.

அதனால அடுத்த தடவை மிதக்கற கல்லு வீடியோ ஃபார்வர்டு வந்தா, உடனே அனுப்பாதீங்க. எந்த வெப்பநிலைல மாறுச்சு, மின்தடையை அளந்தாங்களா, காந்தப்புலத்தை நிஜமா வெளிய தள்ளுச்சான்னு கேளுங்க.

அவ்வளவுதான். நான் போய் ஃபேனைப் போடறேன்.