64 அமினோ அமிலம், ஒரு ஆப்பு: டி7 வைரஸ் பாக்டீரியாவை முடக்கும் விதம்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். சுமார் 4,100 அமினோ அமிலங்களால் ஆன ஒரு பெரிய இயந்திரத்தை, வெறும் 64 அமினோ அமிலம் உள்ள குட்டிப் புரதம் எப்படி நிறுத்துது?

இயந்திரம் எது?

பெரியது ஈ.கோலி பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ். டி.என்.ஏ.வைப் படிச்சு ஆர்.என்.ஏ.வா நகல் எடுக்கிறது இதுதான். இது நின்னா செல்லுக்குப் புதுப் புரதம் கிடையாது. பார்க்க நண்டுக் கொடுக்கு மாதிரி இருக்கும். இரண்டு ஆல்ஃபா, ஒரு பீட்டா, ஒரு பீட்டா பிரைம், ஒரு ஒமேகா என ஐந்து பாகங்கள். கொடுக்கின் இரண்டு விரல்களுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் டி.என்.ஏ. வந்து உட்காரும். எந்த இடத்தில் படிக்க ஆரம்பிக்கணும்னு காட்ட, சிக்மா என்ற ஆறாவது பாகம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

சின்னது ஜிபி2. டி7 என்ற வைரஸ் செய்யும் புரதம்.

முதலில் வேலை வாங்கு, அப்புறம் நிறுத்து

டி7 தன் டி.என்.ஏ.வை முழுசா உள்ளே தள்ளுவதில்லை. சுமார் 850 எழுத்துகள்தான் முதலில் நுழையும். அதை பாக்டீரியாவின் பாலிமரேஸ் படிக்க ஆரம்பிக்கும். படிச்சுக்கிட்டே மேலும் கொஞ்சத்தை உள்ளே இழுக்கும். அப்படிப் படிக்கப்படும் ஆரம்ப ஜீன்களில் ஒன்று, வைரஸுக்கே சொந்தமான தனி பாலிமரேஸுக்கானது. அது தயாரானதும் மிச்சத்தை அதுவே பார்த்துக்கும்.

ஜிபி2 இந்தச் சொந்த பாலிமரேஸ் வந்த பிறகுதான் உருவாகும். வரிசை முக்கியம். முன்னாடியே வந்திருந்தா வைரஸ் தன் கழுத்துக்குத் தானே கத்தி வெச்ச கதை ஆகியிருக்கும்.

சரி, சொந்த இயந்திரம் வந்தாச்சு, பழையதை விட்டுவிட்டா என்ன? விட்டா, அது ஏ3 என்ற தொடக்க இடத்திலிருந்து கிளம்பி, நிற்க வேண்டிய இடத்தையும் தாண்டி ஓடுது. வைரஸோட வளர்ச்சி கெட்டுப்போகுது. ஆய்வாளர்கள் இதை நாம பக் தேடுற மாதிரியே தேடினாங்க: ஏ3-யை பலவீனமாக்கிப் பார்த்தாங்க. அப்போ ஜிபி2 இல்லாமலேயே வைரஸ் பெருகிச்சு. ஆக, ஜிபி2-வின் தவிர்க்க முடியாத வேலை அந்த ஒரு ஓட்டத்தை நிறுத்துறதுதான்.

ஆப்பு எங்கே விழுது?

2013-ல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் சேத் டார்ஸ்ட் குழு, எக்ஸ்-ரே படிகவியல் மூலம் இந்த இரண்டும் ஒட்டியிருக்கும் அமைப்பை வெளியிட்டது. ஜிபி2 உட்காருவது பீட்டா பிரைமின் தாடைப் பகுதியில், டி.என்.ஏ. நுழையும் பள்ளத்தின் ஓரத்தில்.

ஆனா அந்தப் பள்ளத்தை முழுசா அடைக்கிற அளவு அதுக்கு உடம்பு இல்லை. இங்கதான் சுவாரஸ்யம். சிக்மாவில் 1.1 என்ற ஒரு பகுதி இருக்கு. சாதாரணமா அது பள்ளத்துக்குள் உட்கார்ந்து, தேவையில்லாத டி.என்.ஏ. வராம பார்த்துக்கும், சரியான டி.என்.ஏ. வந்தா விலகி வழி விடும். ஜிபி2 ஒரு பக்கம் தாடையையும், மறுபக்கம் இந்த 1.1-ஐயும் பிடிச்சுக்குது. 1.1 விலக முடியாது, டி.என்.ஏ. உள்ளே வர முடியாது. கதவுக்குப் பின்னாடி ஆப்பு வெச்ச மாதிரி. கதவு வீட்டுக்காரரோடது, ஆப்பு மட்டும்தான் வைரஸோடது. சிக்மாவில் 1.1-ஐ நீக்கிட்டா ஜிபி2-வின் பலம் வெகுவா குறைஞ்சிடுது.

நமக்கு என்ன?

காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குமே, அந்த மாத்திரை, இதே வகை பாலிமரேஸைத்தான் தாக்குது. ஆனா இடம் வேற: பீட்டா பாகம். அந்த மருந்துக்கு எதிர்ப்பு வருவது பெரும்பாலும் பீட்டா ஜீனில் 81 எழுத்து நீளமுள்ள ஒரு சின்னப் பகுதி மாறுவதால்தான். ஒரு பூட்டு மாறிட்டா வேற வாசல் வேணும். ஜிபி2 காட்டுவது அப்படி ஒரு வாசலை.

அதுக்காக ஜிபி2-வையே மருந்தாக்க முடியும்னு அர்த்தமில்லை. வைரஸ் அதை பாக்டீரியாவுக்குள்ளேயே தயாரிக்குது. வெளியிலிருந்து ஒரு புரதத்தை உள்ளே அனுப்புவது வேற பிரச்சினை. இன்னொன்று, இந்த வாசலிலும் பூட்டு மாறும்: பீட்டா பிரைமில் 1158-வது அமினோ அமிலம் ஒன்று மாறினாலே ஈ.கோலி ஜிபி2-விடமிருந்து தப்பிக்கும். அதனால் ஒரே வாசலை நம்பாம, எத்தனை வாசல் இருக்குன்னு எண்ணி வைப்பதுதான் இந்த மாதிரி அமைப்புப் படங்களோட உண்மையான பயன்.

கேள்வி இருந்தா அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.