வீடு விற்கப் போறீங்களா? புரோக்கர்கிட்ட கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை பர்சன்ட்?" இல்லை!

வீடு வாங்குறதைப் பத்தி நம்ம சேனல்ல நிறைய பேசியிருக்கோம். விற்கிறவங்க பக்கம் நின்னு இதுவரைக்கும் பேசினதே இல்லை. "புரோக்கருக்கு எவ்வளவு கமிஷன் கொடுக்கலாம்?"னு தொடர்ந்து கேட்டுக்கிட்டே இருக்கீங்க. அதுக்குப் பதில் சொல்றதுக்கு முன்னாடி எங்க வீட்டுல நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன்.

என் சித்தப்பா மடிப்பாக்கத்துல இருந்த தன்னோட ஃப்ளாட்டை விற்றார். ஏரியாவுல எல்லாரும் 2% கேட்டப்போ, ஒரு புரோக்கர் மட்டும் "எனக்கு 1% போதும் சார். உங்க கைக்கு 72 லட்சம் வந்தா திருப்திதானே? மத்ததை நான் பார்த்துக்கறேன்"னு சொன்னார். சித்தப்பாவும் "சரிப்பா"ன்னு தலையாட்டிட்டார். வேலை சீக்கிரமே முடிஞ்சது. ரிஜிஸ்ட்ரேஷன் அன்னிக்கு சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசல்ல டீ குடிக்கும்போது வாங்கினவர் பேச்சுவாக்குல சொன்னார்: "எல்லாம் சேர்த்து 76 லட்சம் ஆச்சு சார். ரொக்கமா கேட்ட 4 லட்சம் உங்களுக்கு வந்து சேர்ந்துச்சுல்ல?"

அந்த 4 லட்சம் சித்தப்பாவுக்கு வரவே இல்லை. 1% கமிஷன்னு அவர் கொடுத்தது 72,000 ரூபாய். உண்மையில அந்த புரோக்கருக்காக அவர் இழந்தது 4,72,000 ரூபாய்.

அதனாலதான் சொல்றேன், கமிஷன் எத்தனை சதவீதம்ங்கறது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, "இவர் யார் பக்கம் நிற்கிறார், எதுல காசு பார்க்கிறார்?"

கமிஷன்: வழக்கம் என்ன, சட்டம் என்ன?

தமிழ்நாட்டுல பழைய வீடு, ஃப்ளாட் விற்கும்போது பொதுவா விற்கிறவர்கிட்ட 1% முதல் 2%, வாங்குறவர்கிட்டயும் அதே மாதிரி தனியா வாங்குறது வழக்கம். இவ்வளவுதான் கொடுக்கணும்னு எந்தச் சட்டமும் நிர்ணயம் பண்ணலை. இது முழுக்க பேசித் தீர்மானிக்கிற விஷயம். ஒரே புரோக்கர் இரண்டு பக்கமும் வாங்கினா அது தானாகவே தப்பு ஆகிடாது. ஆனா உங்களுக்குத் தெரிஞ்சு வாங்கணும்.

ஜிஎஸ்டியையும் முதல்லயே கேட்டுடுங்க. வருஷத்துக்கு 20 லட்சத்துக்கு மேல வருமானம் பார்க்கிற புரோக்கர் ஜிஎஸ்டி பதிவு பண்ணியிருக்கணும். அப்படிப் பதிவு பண்ணவர் கமிஷன் மேல 18% சேர்த்துத்தான் பில் போடுவார். 80 லட்சத்துக்கு விற்கிறீங்க, 1.5% கமிஷன்னா 1,20,000 ரூபாய். ஜிஎஸ்டி 21,600. மொத்தம் 1,41,600. கடைசி நாள்ல "ஜிஎஸ்டி தனி சார்"னு கேட்டு அதிர்ச்சி ஆகாதீங்க.

புரோக்கரோட கணக்கு வேற, உங்க கணக்கு வேற

உங்க வீட்டுக்கு 80 லட்சம் எதிர்பார்க்கிறீங்க. ஒரு பார்ட்டி 77 லட்சத்துக்கு வர்றார். இன்னும் ஒரு மாசம் பொறுத்தா 80 கிடைக்கலாம். 1% கமிஷன்ல பொறுக்காம விற்றா உங்களுக்கு நஷ்டம் 3 லட்சம். புரோக்கருக்கு நஷ்டம் வெறும் 3,000. அந்த 3,000 ரூபாய்க்காக அவர் இன்னும் ஒரு மாசம் அலையணுமா? "சார், நல்ல பார்ட்டி, விட்றாதீங்க"ன்னுதான் சொல்வார். கெட்ட எண்ணத்துல சொல்றார்னு நான் சொல்லலை. அவரோட கணக்குக்கு அதுதான் சரி.

இதை அமெரிக்காவுல ஆராய்ச்சி பண்ணியே பார்த்திருக்காங்க. ஸ்டீவன் லெவிட், சாட் சிவர்சன்னு இரண்டு பொருளாதார நிபுணர்கள் கிட்டத்தட்ட 1 லட்சம் வீடு விற்பனைகளை எடுத்துப் பார்த்தாங்க. 2008-ல வெளியான அந்த ஆய்வுல, ஏஜென்ட்டுகள் தங்களோட சொந்த வீட்டை விற்கும்போது மத்தவங்க வீட்டைவிட 3.7% அதிக விலைக்கு விற்றாங்க, சராசரியா 9.5 நாள் கூடுதலா காத்திருந்தாங்க. நம்ம ஊர் மார்க்கெட் வேற, கமிஷன் முறையும் வேற. ஆனா மனுஷ மனசு ஒண்ணுதான். தன் வீடுன்னா பொறுமை தானா வரும்!

இதுக்கு ஒரு வழி இருக்கு. கமிஷனை இரண்டு அடுக்கா பேசுங்க. உதாரணமா, 75 லட்சம் வரைக்கும் 1%, அதுக்கு மேல வர்ற தொகையில 5%. 77 லட்சத்துக்கு முடிச்சா அவருக்கு 85,000. 80 லட்சத்துக்கு முடிச்சா 1,00,000. இப்போ அந்த 3 லட்சம் அவருக்கும் 15,000 ரூபாய் விஷயம். உங்களுக்கு ஆகுற மொத்தச் செலவு 1.25% தான். 2% கேட்கிறவர்கிட்ட வாய்விட்டுக் கெஞ்சிக் குறைக்கிறதைவிட இது மேல்.

"மேல வர்றது எனக்கு": இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் ஒத்துக்காதீங்க

"உங்க கைக்கு இவ்வளவு, மேல வர்றது எனக்கு"ன்னு சொல்றதை ஃபீல்டுல 'நெட் ரேட்'னு சொல்வாங்க. கேட்க சுலபமா இருக்கும். ஆனா அதுல மூணு ஆபத்து இருக்கு.

ஒண்ணு, உங்க வீட்டோட உண்மையான விலை உங்களுக்கே தெரியாமப் போயிடும்.

இரண்டு, மேல வர்ற பணம் பெரும்பாலும் ரொக்கமா, உங்க பேரைச் சொல்லித்தான் வசூலாகும். வீடு விற்கிறதுக்காக 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா, வாங்கின அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்துல இடம் இருக்கு. நாளைக்கு வாங்கினவர்கிட்ட விசாரணை வந்தா "ஓனருக்குக் கொடுத்தேன்"னுதான் சொல்வார். வாங்காத பணத்துக்கு நீங்க பதில் சொல்லணும்.

மூணு, சட்டப்படி கேட்கிற உரிமையும் பலவீனமாகிடும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன்படி, ஏஜென்ட் உங்களுக்குத் தெரியாம தனக்காக வியாபாரம் பண்ணி லாபம் பார்த்தா அந்த லாபத்தை நீங்க கேட்கலாம். ஆனா "சரிப்பா"ன்னு தலையாட்டின பிறகு எப்படிக் கேட்கிறது? சித்தப்பா மாட்டினது இங்கதான். எழுத்துல ஒண்ணும் இல்லை, ரொக்கத்துக்கு ரசீதும் இல்லை.

நல்ல புரோக்கரை எப்படித் தேர்வு பண்றது?

முதல்ல விலையை நீங்களே தெரிஞ்சுக்கோங்க. பதிவுத்துறையோட இணையதளத்துல உங்க தெருவுக்கான வழிகாட்டி மதிப்பு இருக்கு. உங்க சர்வே நம்பருக்கு வில்லங்கச் சான்று, அதாவது ஈசி போட்டுப் பார்த்தா, பக்கத்துல சமீபத்துல பதிவான பத்திரங்களோட தொகையும் தெரியும். பத்திரத்துல குறைச்சுக் காட்டுற பழக்கம் இருக்கிறதால அதைக் கீழ்மட்ட விலையா மட்டும் எடுத்துக்கணும். கூடவே ஆன்லைன்ல இதே ஏரியாவுல என்ன விலை கேட்கிறாங்கன்னு பாருங்க. இது மேல்மட்ட விலை. உங்க விலை இந்த இரண்டுக்கும் நடுவுல எங்கயோ இருக்கும்.

அப்புறம் குறைஞ்சது மூணு புரோக்கர்கிட்ட தனித்தனியா பேசுங்க. எல்லார்கிட்டயும் இதே கேள்விகளைக் கேளுங்க:

1. கடந்த ஒரு வருஷத்துல இதே ஏரியாவுல எத்தனை வீடு முடிச்சுக் கொடுத்தீங்க? அதுல இரண்டு பேர்கிட்ட நான் பேசலாமா?
2. என் வீட்டுக்கு என்ன விலை சொல்றீங்க? எதை வெச்சு அந்த விலை சொல்றீங்க?
3. வாங்குறவர்கிட்டயும் கமிஷன் வாங்குவீங்களா? எவ்வளவு?
4. வாங்குறவரும் நானும் நேர்ல உட்கார்ந்து விலை பேசுறதுல உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?
5. கமிஷனை பேங்க்ல போட்டா ரசீது தருவீங்களா?

நாலாவது கேள்விதான் முக்கியம். அதுக்கு முகம் சுளிக்கிறவரை அங்கேயே விட்டுடுங்க. எல்லாரையும்விட அதிக விலை சொல்றவர்கிட்டயும் ஜாக்கிரதை. முதல்ல ஆசை காட்டி சாவியை வாங்கிக்கிட்டு, இரண்டு மாசம் கழிச்சு "மார்க்கெட் டல்லா இருக்கு சார்"னு இறக்குறது பழைய டெக்னிக்.

"ரெரா நம்பர் இருக்கா?"ன்னு பார்க்கலாமேன்னு கேட்பீங்க. ரெரா சட்டம், 2016-ன்படி, ரெராவுல பதிவான புதுத் திட்டங்கள்ல வீடு, மனை விற்றுக் கொடுக்கிற ஏஜென்ட்டுகள் கட்டாயம் பதிவு பண்ணணும். நீங்க குடியிருந்த பழைய வீட்டை விற்றுக் கொடுக்க அந்தப் பதிவு கட்டாயம் இல்லை. இருந்தா நல்லது, அவ்வளவுதான். அதை மட்டும் நம்பி முடிவு எடுக்காதீங்க.

ஒரு பக்கக் கடிதம் போதும்

ஆளைத் தேர்ந்தெடுத்தாச்சுன்னா, பேசினதை ஒரே ஒரு பக்கத்துல எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. அதுல இவ்வளவு இருந்தாப் போதும்:

- கமிஷன் எவ்வளவு, ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா
- எப்போ கொடுக்கணும் (பத்திரப் பதிவு முடிஞ்ச அன்னிக்கு, டோக்கன் அட்வான்ஸ் வாங்கும்போது இல்லை)
- முழு விற்பனைத் தொகையும் வாங்குறவர்கிட்டருந்து நேரா உங்க பேங்க் கணக்குக்கு வரணும்
- புரோக்கர் உங்க சார்பா எந்தத் தொகையும் வாங்கக் கூடாது
- இவருக்கு மட்டும்தான் கொடுக்கிறீங்களா, அப்படின்னா எத்தனை நாளைக்கு (60 நாள், 90 நாள்னு போடுங்க, முடிவு தேதி இல்லாம போடாதீங்க)
- நீங்களே கண்டுபிடிக்கிற பார்ட்டிக்குக் கமிஷன் கிடையாது

வேற ஒப்பந்தம் எதுவும் இல்லைன்னா, வேலை முடிஞ்ச பிறகுதான் ஏஜென்ட்டுக்குப் பணம் பாக்கின்னு ஒப்பந்தச் சட்டமே சொல்லுது. அதனால "இப்பவே பாதி கொடுங்க"ன்னு கேட்டா தயங்காம மறுக்கலாம்.

மூலப்பத்திரத்தை யார் கையிலயும் கொடுக்காதீங்க. ஜெராக்ஸ் போதும். அதுமேல "பார்வைக்கு மட்டும்"னு எழுதித் தேதி போட்டுக் கொடுங்க. பவர் பத்திரம் எழுதிக் கொடுங்கன்னு புரோக்கர் கேட்டா, பேச்சை அங்கேயே முடிச்சுக்கோங்க.

மத்த செலவெல்லாம் யாரோடது?

முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. வழக்கமா இரண்டையும் வாங்குறவர்தான் கட்டுவார். விலை 50 லட்சம் அல்லது அதுக்கு மேல இருந்தா, வாங்குறவர் 1% டிடிஎஸ் பிடிச்சு உங்க பான் நம்பர்ல கட்டணும். 80 லட்சத்துக்கு அது 80,000. இது செலவு இல்லை, உங்க வரிக்கான முன்பணம். ரிட்டர்ன் போடும்போது கழிச்சுக்கலாம். (நீங்க என்ஆர்ஐன்னா டிடிஎஸ் விதி வேற, ஆடிட்டரைப் பாருங்க.)

உங்க பாக்கெட்லருந்து போறது கமிஷன், வீட்டுக்கடன் பாக்கி இருந்தா அது, அசோசியேஷன் பாக்கி, சொத்து வரி, தண்ணி வரி, கரண்ட் பில். அப்புறம் லாபத்துக்கான வரி. இரண்டு வருஷத்துக்கு மேல வெச்சிருந்த வீடுன்னா அது நீண்டகால மூலதன ஆதாயம், வரி 12.5%.

கமிஷனுக்கு ஏன் ரசீது கேட்கச் சொன்னேன் தெரியுமா? விற்பனைக்காகக் கொடுத்த தரகை லாபத்துல கழிச்சுக்கலாம். 1,41,600 ரூபாய்க்கு ரசீது இருந்தா, 12.5% கணக்குல 17,700 ரூபாய் வரி மிச்சம். ரொக்கமா, ரசீது இல்லாம கொடுத்தா அந்த மிச்சத்தை நிரூபிக்கவே முடியாது.

சித்தப்பா இன்னும் அந்த டீக்கடை பேச்சைச் சொல்லிச் சொல்லிப் புலம்புவார். "விலை பேசும்போது ஒரு தடவை வாங்குறவரை நேர்ல பார்த்திருந்தா போதும்டா"ம்பார். 4 லட்சம் கொடுத்து அவர் கத்துக்கிட்ட பாடம் அது. நீங்க இலவசமா எடுத்துக்கோங்க.

வீடு விற்கிற யோசனையில இருக்கிற உங்க சொந்தக்காரங்களுக்கு இதை அனுப்புங்க. விற்ற பணத்தை எங்க போட்டா வரி மிச்சமாகும்னு அடுத்த வீடியோவுல பார்க்கலாம்.