கடக்கும் சாலைகள் உண்டு, சேரும் வழி இல்லை: நெடுஞ்சாலைச் சந்திப்புகளுக்குப் பொறுப்பு யார்?

புது தில்லி: ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் பெங்களூருவின் வெளிவட்டச் சாலையும் ஒன்றையொன்று கடக்கும் இடம் மத்திய பட்டு வாரியச் சந்திப்பு. "சில்க் போர்டு" என்றால் ஓசூர் வழியாகப் பெங்களூரு சென்று வரும் தமிழர்களுக்கு மேல் விளக்கம் தேவைப்படாது. அங்கிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிவரை செல்லும் ஏறத்தாழ 10 கி.மீ. உயர்மட்டச் சாலை 2010-ஆம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆனால், ஒரு சாலையிலிருந்து மற்றொன்றுக்கு சிக்னலில் நிற்காமல் மாறிச் செல்வதற்கான முதல் இணைப்பு கிடைத்தது 2024-ஆம் ஆண்டு ஜூலையில்தான். இடைப்பட்ட காலம் 14 ஆண்டுகள்.

அந்த இணைப்பைக் கட்டியது தேசிய நெடுஞ்சாலை ஆணையம் அல்ல, வெளிவட்டச் சாலையை அமைத்த பெங்களூரு வளர்ச்சி ஆணையமும் அல்ல, மாநகராட்சியும் அல்ல. மெட்ரோ ரயில் நிறுவனம் தனது மஞ்சள் தடத்துக்காக எழுப்பிய ஈரடுக்கு மேம்பாலத்தின் ஒரு பகுதியாகவே அது வந்து சேர்ந்தது. இரண்டு சாலைகளை இணைக்க ஒரு ரயில் நிறுவனம் வர வேண்டியிருந்தது ஏன் என்ற கேள்விக்கான விடை, பெங்களூருவில் மட்டும் இல்லை. திட்டங்களுக்கு ஒப்புதல் அளிக்கும் தில்லியிலும் இருக்கிறது.

நான்கு அமைப்புகள், ஒரு சந்திப்பு:

ஓசூர் சாலை, வாஜ்பாய் அரசு 1999-இல் தொடங்கிய தங்க நாற்கரத் திட்டத்தில் சென்னை - பெங்களூரு தடத்தின் அங்கம். அதன் உயர்மட்டப் பகுதியைத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம், கட்டி, இயக்கி, ஒப்படைக்கும் முறையில் தனியாரிடம் அளித்தது. அதில் செல்வோர் சுங்கம் செலுத்த வேண்டும். ஏறத்தாழ 60 கி.மீ. நீளமுள்ள வெளிவட்டச் சாலையை 1996-க்குப் பிறகு படிப்படியாக அமைத்தது மாநில அரசின் கீழ் இயங்கும் பெங்களூரு வளர்ச்சி ஆணையம். அதற்குச் சுங்கம் இல்லை. சுற்றியுள்ள தெருக்கள் மாநகராட்சியுடையவை. சிக்னலை இயக்குவது போக்குவரத்து போலீஸார்.

ஓசூர் சாலையில் நேராகச் செல்லும் வாகனங்களுக்கு மேலே ஒரு மேம்பாலம் இருந்தது. வெளிவட்டச் சாலையில் நேராகச் செல்வோர் அதன் கீழே கடந்தனர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திரும்ப வேண்டிய வாகனம் எதுவாக இருந்தாலும் தரைமட்டச் சிக்னலில் காத்திருப்பதே வழி. எலெக்ட்ரானிக் சிட்டியும் வெளிவட்டச் சாலையோரத் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் வளர வளர, நேராகச் செல்வோரைவிடத் திரும்புவோரின் தேவையே அந்தச் சந்திப்பின் பெரும் பிரச்னையானது.

ஒவ்வோர் அமைப்பும் தனது சாலையின் எல்லைக்குள் தனது பணியை முடித்தது. இரண்டு எல்லைகளும் சந்திக்கும் சில நூறு மீட்டர் எவருடைய திட்ட அறிக்கையிலும் இடம்பெறவில்லை. பிரச்னையின் வேர் இதுதான்.

ரூ.449 கோடி இணைப்பு:

ராகிகுட்டாவிலிருந்து பட்டு வாரியச் சந்திப்புவரை 3 கி.மீ.க்குச் சற்றே கூடுதலான நீளத்தில், கீழ்த்தளத்தில் வாகனங்களும் மேல்தளத்தில் மெட்ரோ ரயிலும் செல்லும்படி கட்டப்பட்ட மேம்பாலத்தின் செலவு ரூ.449 கோடி எனத் தெரிவிக்கப்பட்டது. கர்நாடக துணை முதல்வர் டி.கே.சிவகுமார் 2024 ஜூலை 17-ஆம் தேதி இதைப் போக்குவரத்துக்குத் திறந்துவைத்தார். ராகிகுட்டா பக்கமிருந்து வரும் வாகனங்கள் ஓசூர் சாலைக்கும் எச்.எஸ்.ஆர். லேஅவுட் பக்கமும் சிக்னலின்றிச் செல்ல இதனால் வழி ஏற்பட்டது.

எனினும், திட்டமிடப்பட்ட ஐந்து சாய்தளங்களும் அன்று தயாராகவில்லை. எதிர்த்திசைக்கான சாய்தளங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. ஆர்.வி. சாலை - பொம்மசந்திரா இடையிலான 19 கி.மீ. மெட்ரோ மஞ்சள் தடத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2025 ஆகஸ்ட் 10-ஆம் தேதி தொடங்கிவைத்தது குறிப்பிடத்தக்கது.

ஆஸ்டின் டவுன் தரும் விலை:

நெடுஞ்சாலைகள் நேரடியாகச் சேராவிட்டால், அவை வேறெங்காவது சேர்ந்தே தீரும். பெரும்பாலும் அந்த இடம் குடியிருப்புத் தெருவாக இருக்கும். கண்டோன்மென்ட் காலம் தொட்டுத் தமிழர்கள் திரளாக வாழ்ந்துவரும் ஆஸ்டின் டவுன் இதற்கு உதாரணம். கால்பந்துக்குப் பெயர்பெற்ற இப்பகுதி, ஓசூர் சாலைக்கும் கோரமங்களா - தொம்மலூர் உள்வட்டச் சாலைக்கும் இடையே அமைந்துள்ளது. ஓசூர் சாலை வழியே நகருக்குள் நுழைந்து தொம்மலூர், பழைய விமான நிலையச் சாலை, இந்திரா நகர் பக்கம் செல்ல விரும்புவோர், பட்டு வாரியச் சந்திப்பில் காத்திருக்க மனமில்லாவிட்டால், மடிவாளா, ஆடுகோடி வழியே வந்து ஆஸ்டின் டவுன், விவேக் நகர், ஈஜிபுரா தெருக்களில் குறுக்கே புகுந்து செல்லலாம். விவேக் நகர் குழந்தை இயேசு திருத்தலத்துக்குப் பெருங்கூட்டம் வரும் வியாழக்கிழமைகளில் இந்தத் தெருக்களின் நெருக்கடி மேலும் கூடும்.

இத்தகைய தெருக்கள் நெடுஞ்சாலைக்காக அமைக்கப்பட்டவை அல்ல. இரு பக்கமும் வீடுகள், கடைகள், பள்ளிகள், வழிபாட்டு இடங்கள் உள்ளவை. நெடுஞ்சாலைத் திட்டத்தில் மிச்சப்படுத்தப்பட்ட இணைப்புச் செலவு, இங்கு நெரிசலாகவும் புகையாகவும், சாலையைக் கடக்க முடியாத முதியவர்களின் சிரமமாகவும் வசூலாகிறது. எந்த வரவு செலவு அறிக்கையிலும் அது காட்டப்படுவதில்லை.

இதற்கு மாற்றாகக் கருதப்பட்ட ஈஜிபுரா மேம்பாலத்தின் கதையும் ஆறுதல் அளிப்பதாக இல்லை. ஈஜிபுராவிலிருந்து கோரமங்களா கேந்திரிய சதன்வரை ஏறத்தாழ இரண்டரை கி.மீ. நீளத்துக்கு 2017-இல் தொடங்கிய பணி, 2019-க்குள் முடிந்திருக்க வேண்டும். பணி பாதியில் நின்று, 2022-இல் ஒப்பந்தம் ரத்தாகி, 2023 இறுதியில் புதிய ஒப்பந்ததாரரிடம் அளிக்கப்பட்டது. அதுவரை வெறும் தூண்கள் ஆண்டுக்கணக்கில் நின்றன.

இதில் அரசியல் கேள்வி ஒன்றும் அடங்கியுள்ளது. பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் ஐந்து ஆண்டுகள் கடந்தும் நகரம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமின்றி அதிகாரிகளின் நிர்வாகத்திலேயே இருந்தது. 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டு, கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. நெடுஞ்சாலையின் சுமை தெருவுக்கு வந்த காலத்தில், தெருவுக்காகப் பேச வார்டு உறுப்பினர்கூட இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?:

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், தேசிய நெடுஞ்சாலைகள் மத்தியப் பட்டியலின் 23-ஆவது இனமாகவும், பிற சாலைகள் மாநிலப் பட்டியலின் 13-ஆவது இனமாகவும் உள்ளன. 74-ஆவது திருத்தம் சேர்த்த 12-ஆவது அட்டவணை, சாலைகளையும் பாலங்களையும் நகராட்சிகளுக்கு அளிக்கக்கூடிய பணிகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. மூன்று அடுக்குகளுக்கும் சாலைகள் உண்டு. அவை சேரும் இடத்துக்கென்று தனியே ஓர் இனம் இல்லை.

2002-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் (நிலம் மற்றும் போக்குவரத்து) கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, தேசிய நெடுஞ்சாலையில் வேறு சாலை வந்து சேர நெடுஞ்சாலை நிர்வாகத்தின் அனுமதி பெற வேண்டும். விபத்தைத் தவிர்க்க இந்தக் கட்டுப்பாடு அவசியமே. ஆனால், சேரக் கூடாது என்று தடுக்கும் அதிகாரம் தெளிவாக இருக்கும் அளவுக்கு, சேர்த்தாக வேண்டும் என்ற கடமை தெளிவாக இல்லை.

சுங்கச் சாலை என்றால் சிக்கல் இரட்டிப்பாகிறது. இடையில் புதிய இணைப்பு வந்தால் சுங்கம் செலுத்துவோர் எண்ணிக்கை கூடலாம் அல்லது குறையலாம். இரண்டில் எது நடந்தாலும் ஒப்பந்தத்தின் வருவாய்க் கணக்கு மாறும். நகரப் பகுதியில் சாய்தளங்களுக்குத் தேவையான நிலத்தின் விலையும் ஆண்டுதோறும் ஏறுகிறது. முதலிலேயே திட்டமிடாத இணைப்பு பிறகு பல மடங்கு செலவில்தான் கிடைக்கும்.

அமெரிக்காவும் தப்பவில்லை:

நெடுஞ்சாலைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டப்படும் அமெரிக்காவிலும் இதே நிலை நீண்டகாலம் இருந்தது. பென்சில்வேனியா மாநிலச் சுங்கச் சாலையும், கிழக்குக் கடற்கரை நெடுகச் செல்லும் 95-ஆம் எண் நெடுஞ்சாலையும் ஃபிலடெல்ஃபியா அருகே ஒன்றன்மீது ஒன்றாகக் கடந்தும், நேரடி இணைப்பின்றிப் பல பத்தாண்டுகள் இருந்தன. 2018 செப்டம்பரில்தான் முதல் இணைப்புச் சாய்தளங்கள் திறக்கப்பட்டன. சுங்கச் சாலையுடன் இணைப்பதற்குக் கூட்டாட்சி நிதியைச் செலவிட 1956-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த கட்டுப்பாடுகளே இத்தகைய இடைவெளிகளுக்கு முக்கியக் காரணமாகக் கூறப்படுகின்றன. அதே மாநிலத்தின் பிரீஸ்வுட் என்ற சிற்றூரில், 70-ஆம் எண் நெடுஞ்சாலையில் செல்வோர் சிக்னல்களும் விடுதிகளும் பெட்ரோல் நிலையங்களும் நிறைந்த கடைத்தெருவைக் கடந்தே பயணத்தைத் தொடர வேண்டியிருப்பது உலகப் புகழ்பெற்ற உதாரணம். அங்கு குறையாக இருந்தது பொறியியல் திறமை அல்ல. செலவை யார் ஏற்பது என்ற விதி.

தமிழகத்துக்கு என்ன பாடம்?:

சென்னை இரு விதமான அனுபவங்களையும் கண்டுள்ளது. ஜி.எஸ்.டி. சாலை, அண்ணா சாலை, உள்வட்டச் சாலை, பூந்தமல்லி சாலை ஆகியவை கூடும் கத்திப்பாராவில் குளோவர் இலை வடிவ மேம்பாலம் 2008-இல் திறக்கப்பட்டது. திரும்பும் வாகனங்களுக்கென்றே திட்டமிடப்பட்டதால், அந்தச் சந்திப்பு இன்றும் பயன் தருகிறது.

இதற்கு மாறாக, சென்னைத் துறைமுகம் - மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009 ஜனவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். கூவம் ஆற்றில் தூண்கள் அமைப்பது தொடர்பாக மாநில அரசு ஆட்சேபம் தெரிவித்ததால் 2012-இல் பணி நின்றது. பின்னர் ஈரடுக்குச் சாலையாக மாற்றப்பட்டு, 2022 மே 26-ஆம் தேதி பிரதமர் மோடி மீண்டும் அடிக்கல் நாட்டினார். மேல்தளம் துறைமுக லாரிகளுக்கு, கீழ்த்தளம் உள்ளூர் வாகனங்களுக்கு என்ற புதிய வடிவமைப்பில், யாருக்கு எங்கே ஏறி இறங்கும் வழி வேண்டும் என்பது தொடக்கத்திலேயே முடிவு செய்யப்பட்டது. மத்திய, மாநில அரசுகளின் மோதலில் வீணான காலம் மட்டும் திரும்பவில்லை.

அடுத்த சோதனைக் களம் ஓசூர். 2019-இல் மாநகராட்சியான அந்நகரை ஒட்டி 44-ஆம் எண் நெடுஞ்சாலை செல்கிறது. ராயக்கோட்டை வழியே தருமபுரி செல்லும் 844-ஆம் எண் தடம் அதனுடன் சேர்கிறது. பெங்களூருவைச் சுற்றி 280 கி.மீ. அளவில் திட்டமிடப்பட்ட துணை நகர வட்டச் சாலையின் ஒரு பகுதியும் ஓசூர் வட்டாரத்தைத் தொட்டுச் செல்லும்படி வரையப்பட்டுள்ளது. லாரிகள் ஒரு தடத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற நேரடி வழி இல்லையெனில், அவை ஓசூர் நகரத் தெருக்களைத்தான் நாடும். ஆஸ்டின் டவுன் இன்று அனுபவிப்பதை ஓசூர் நாளை அனுபவிக்க நேரிடும்.

262 கி.மீ. நீள பெங்களூரு - சென்னை விரைவுச் சாலையும் இந்தப் பட்டியலில் சேரும். அது தொடங்கும் ஹொஸ்கோட்டே, பெங்களூரு மாநகருக்கு வெளியே உள்ளது. அங்கிருந்து நகருக்குள் வரப் பழைய மெட்ராஸ் சாலையே கதி. விரைவுச் சாலையில் மிச்சமாகும் நேரம் நகர வாயிலில் செலவாகுமா என்பது, அந்தக் கடைசிச் சில கி.மீ.க்கு யார் பொறுப்பேற்கிறார் என்பதைப் பொருத்தது.

செய்ய வேண்டியது என்ன?:

வெவ்வேறு அமைச்சகங்களின் திட்டங்களை ஒரே வரைபடத்தில் கொண்டுவர "பிரதமரின் கதி சக்தி" திட்டத்தை மத்திய அரசு 2021 அக்டோபரில் தொடங்கியது. நகரப் போக்குவரத்து அமைப்புகளை ஒருங்கிணைக்கச் சென்னைக்கு 2010-இலும் பெங்களூருவுக்கு 2022-இலும் தனிச் சட்டங்கள் நிறைவேறின. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் முதல் கூட்டம் சட்டம் வந்து 12 ஆண்டுகளுக்குப் பிறகு, 2022-இல்தான் நடந்தது. வரைபடமும் சட்டமும் இருந்தால் போதாது என்பதற்கு இந்த 12 ஆண்டுகளே சாட்சி.

நெடுஞ்சாலைத் திட்டத்துக்கு ஒப்புதல் அளிக்கும்போதே, அது கடக்கும் ஒவ்வொரு பெருஞ்சாலையுடனும் எப்படி இணையும், இணைப்பைக் கட்டுவது எந்த அமைப்பு, மத்திய - மாநிலப் பங்கு எவ்வளவு, எந்த ஆண்டுக்குள் முடியும் ஆகிய நான்குக்கும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். இணைப்பு தேவையில்லை என்று முடிவெடுத்தால், அந்த வாகனங்கள் எந்தத் தெரு வழியே செல்லும் என்பதையும் அறிக்கை சொல்ல வேண்டும். அந்தத் தெருவாசிகளிடம் கருத்துக் கேட்கவும் வேண்டும்.

நாடாளுமன்றத்தில் ஆண்டுதோறும் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் சாதனையாக முன்வைக்கப்படுவது, கட்டி முடித்த சாலைகளின் கி.மீ. கணக்கு. தமிழகத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் செல்லும் எம்.பி.க்கள், முடிக்கப்படாத இணைப்புகளின் கணக்கையும் அதே அவையில் கேட்பார்களேயானால், ஆஸ்டின் டவுன், ஓசூர் போன்ற ஊர்களின் தெருக்கள் நெடுஞ்சாலைக்கு வாடகையின்றிக் கொடுத்த இடத்தை மீட்டுக்கொள்ள வழி பிறக்கும்.