உஷார்! கோழிக்கூண்டின் தரையைப் பார்த்தீர்களா?

கொல்லையிலோ மொட்டை மாடியிலோ நாலு நாட்டுக்கோழி வளர்க்கிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். தீவனம் பார்த்துப் பார்த்துப் போடுகிறீர்கள். தடுப்பு மருந்து கொடுத்தாயிற்று. கீரி நுழையாமல் கம்பிவலை அடித்தாயிற்று. எல்லாம் சரி. கூண்டுத் தரையில் என்ன கொட்டி வைத்திருக்கிறீர்கள்?

"ஏதோ மரத்தூள்ங்க, பட்டறையில சும்மா குடுத்தாங்க" என்கிறீர்களா? அப்படியானால் இதைப் படித்துவிட்டு மறுவேலை பாருங்கள்.

சும்மா வந்த மூட்டைதான் குஞ்சுக்கு எமன்!

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, ஆசை ஆசையாக 30 குஞ்சு வாங்கினார். ஐப்பசி மழை நேரம். மர மில்லில் வெளியே கிடந்த தூள் மூட்டையைக் கொண்டுவந்து விரித்தார். மேலாகப் பார்த்தால் காய்ந்த தூள்தான். உள்ளே கை விட்டால் வெதுவெதுப்பு, புழுங்கிய வாடை. ஆறினால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார்.

நாலைந்து நாளில் குஞ்சுகள் கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தன. குளிர் என்று நினைத்துக் கூடுதலாக ஒரு பல்பு போட்டார். சளி என்று நினைத்துத் துளசிச் சாறு கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டன. கால்நடை மருத்துவர் செத்த குஞ்சை அறுத்துக் காட்டினார். நுரையீரல் முழுக்க மஞ்சளும் வெள்ளையுமாகச் சின்னச் சின்ன முடிச்சுகள். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை. தூளோடு வந்து மூச்சோடு உள்ளே போயிருக்கிறது.

வந்த பிறகு குஞ்சைக் காப்பாற்ற உருப்படியான மருந்து கிடையாது. வராமல் பார்ப்பது ஒன்றுதான் வழி!

இவற்றில் கவனம்:

- மாவு போன்ற மரத்தூள்: குஞ்சு தீவனமென்று கொத்தித் தின்னும். இரைப்பை அடைத்துக்கொள்ளும்.
- பிளைவுட் தூள், கரையான் மருந்து அடித்த மரத்தின் தூள்: பசையும் விஷமும் கலந்தது. கூண்டுப் பக்கமே கொண்டுவராதீர்கள்.
- வழவழப்பான பேப்பர் மட்டும்: கால் வழுக்கும். பிஞ்சுக் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து, குஞ்சு நிற்க முடியாமலே போகலாம்.
- நறுக்காத வைக்கோல்: எச்சத்தோடு ஒட்டிப் பாயாகப் படியும். அடியில் ஈரம் காயவே காயாது.
- பூசணம் பிடித்த கடலைத்தோல்: வாசனை பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஈரத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ரத்தக்கழிச்சல்! எச்சத்தில் வெளிவரும் கிருமி முட்டைகள், வெப்பமும் ஈரமும் கிடைத்தால் இரண்டே நாளில் நோய் பரப்பத் தயாராகிவிடும். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகள்தான் அதிகம் மாட்டிக்கொள்ளும். தண்ணீர்த் தட்டைச் சுற்றி இருக்கும் ஈரமே போதும்.

இந்த அறிகுறி தெரிந்தால் தாமதிக்காதீர்கள்:

1. சத்தமே இல்லாமல் வாய் திறந்து மூச்சு வாங்குதல்.
2. கண்ணில் நீர், வீக்கம், கண்ணை மூடிக்கொண்டே நிற்பது. ஈர எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வாயு வேலை செய்கிறது என்று அர்த்தம்.
3. எச்சத்தில் ரத்தம், சிலிர்த்த இறகு, தொங்கிய சிறகு.
4. பாதத்தில் கறுப்புப் புண்.
5. தரையில் விரித்த கூளம் கட்டிகட்டியாகப் படிவது.

முதல் மூன்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள்.

சரி, எதைத்தான் போடுவது? காய்ந்த நெல் உமி போடலாம். இழைப்புளியில் விழும் மரச்சுருள் போடலாம். நன்றாகக் காய்ந்த தேங்காய் நார்க்கழிவும் சரிதான். குஞ்சுக்கு 2 அங்குலம், பெரிய கோழிக்கு 4 முதல் 6 அங்குலம். முதல் சில நாள் உமியின் மேல் சொரசொரப்பான பேப்பரோ சாக்கோ விரித்துத் தினமும் மாற்றுங்கள். குஞ்சு உமியைக் கொத்தாது, காலும் வழுக்காது.

கூளத்தில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நிம்மதி. உருண்டையாகவே நின்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. புழுதியாகப் பறந்தால் அதுவும் மூச்சுக்குக் கெடுதல்.

ஈரமான இடத்தை மூடி மறைக்காதீர்கள். அள்ளி வெளியே போடுங்கள். புதுக் கூளம் போட்டுக் கிளறிவிடுங்கள். அள்ளும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூசி உங்களுக்கும் ஆகாது. சுண்ணாம்பு தூவுவதாக இருந்தால் நீற்றியது மட்டும்தான். நீற்றாத சுண்ணாம்பு ஈரம் பட்டதும் கொதித்துக் காலைச் சுட்டுவிடும். புதுக் குஞ்சு வாங்கும் முன் பழைய கூளத்தை மொத்தமாக வாரிக் கொட்டி, கூண்டை வெயிலில் காயப் போடுங்கள்.

முக்கியமாக ஒன்று. நின்றபடி மோந்து பார்த்து "நாத்தமே இல்லை" என்று சொல்லாதீர்கள். கோழி மூச்சுவிடுவது உங்கள் முழங்காலுக்கும் கீழே! குனிந்து, அதன் தலை உயரத்தில் மோந்து பாருங்கள். கண் எரிகிறதா? அப்படியானால் இன்றைக்கே மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்!