ஒரே குரலில் பேசிய கணக்காளர்கள்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டுமென்பது நம் முன்னோர் வாக்கு. அளந்து போடுவது ஒருவர் கடமையென்றால், அளவு சரிதானா என்று பார்த்துச் சொல்வது மற்றொருவர் கடமை. இந்த இரண்டாவது கடமையைத் தொழிலாகக் கொண்டவர்களே கணக்காய்வாளர்கள். இலங்கையில் பட்டயக் கணக்காளர் நிறுவகம் 1959 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ்த் தோன்றியது. அதன் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளை ஆயத்தஞ் செய்யும் தமிழ்க் குடும்பங்கள் பல. எத்தனை பாடம், எத்தனை வருடப் பயிற்சி, என்ன சம்பளம் என்றெல்லாம் பெற்றோர் விசாரிப்பர். பிள்ளை போய்ச் சேரும் காரியாலயத்திலே மனிதர் எவ்வாறு கூடி வாழ்கின்றனர், மூத்தோர் இளையோரை எவ்வாறு நடத்துகின்றனர், தவறு கண்டவர் வாய் திறக்க அங்கே இடமுண்டா என்பனவற்றை விசாரிப்போர் மிகச் சிலரே.

இக்கேள்விகள் எத்துணை முக்கியமானவை என்பதை உணர்த்தும் வரலாறு ஒன்று உண்டு. ஐக்கிய அமெரிக்காவின் சிக்காக்கோ நகரிலே சிறு காரியாலயமாகத் தொடங்கி, உலகமெங்கும் கிளை பரப்பி, 89 ஆண்டுகளின் பின் ஒரு சில மாதங்களுக்குள் சரிந்துபோன ஒரு கணக்காளர் நிறுவனத்தின் வரலாறு அது. அதனை இன்று நமது வாசகர்களுக்குக் கூற விரும்புகின்றோம்.

கூடிச் செய்யும் தொழில்

கணக்காய்வைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், 'கேட்டல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்றும் பிறந்ததாகும். பண்டைக்காலத்தில் ஒருவர் கணக்கை உரக்க வாசிக்க, மற்றொருவர் செவிமடுத்துச் சரி பிழை கூறுதல் வழக்கமாயிருந்தது. இன்று ஒரு பெரிய கம்பனியின் கணக்கைத் தனியொருவர் கேட்டு முடித்தல் இயலாத காரியம். ஆகவே, கணக்காய்வாளர்கள் குழுவாகவே செல்கின்றனர்.

புதிதாகச் சேர்ந்த இளைஞர் பற்றுச்சீட்டுக்களைப் பேரேட்டுப் பதிவுகளோடு ஒத்துப் பார்ப்பர். பண்டகசாலையிலே சரக்கு எண்ணப்படுவதை நேரில் நின்று கவனிப்பர். வங்கிக்கும் கடன்பட்டோருக்கும் கடிதம் எழுதி நிலுவைகளை உறுதிசெய்வர். எல்லாப் பதிவுகளையும் ஒன்று விடாமற் பார்க்க எவராலும் முடியாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் முறையே இங்கும் கையாளப்படுகின்றது. ஆயின் எந்தச் சோற்றை எடுத்துப் பார்ப்பது என்று அறிதற்கு அநுபவம் வேண்டும். அதற்காகவே குழுவில் மூத்தவர் ஒருவர் இருக்கின்றார். அவர் பார்த்ததை முகாமையாளர் பார்க்கின்றார். ஈற்றில் நிறுவனத்தின் பங்காளர் அறிக்கையிலே கையொப்பம் இடுகின்றார்.

அந்த ஒரு கையொப்பத்தின் பின்னால் பத்துப் பேருடைய கண்கள் இருக்கின்றன. இளையவர் கண்டதைச் சொல்லாது விட்டாலும், மூத்தவர் சொன்னதைக் கேளாது விட்டாலும், கையொப்பத்தின் மதிப்புக் குறைந்துவிடும். வருட முடிவிலே இரவு பகலாக வேலை நடக்கும். வெளியூரிற் சென்று தங்கி, ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்கி எழும் நாட்களும் உண்டு. இத்தகைய வாழ்வு மனிதரைக் குடும்பம்போற் பிணைத்துவிடுவதில் வியப்பில்லை.

சிக்காக்கோவில் விழுந்த விதை

ஆர்தர் அண்டர்சன் என்பவர் 1885 இல் இல்லினோய் மாநிலத்திலே, நோர்வேயிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்து, பகலில் உழைத்து இரவிற் படித்து முன்னேறியவர். 23 ஆவது வயதில் அம்மாநிலத்தின் அங்கீகாரம் பெற்ற கணக்காளரானார். நோர்த்வெஸ்ரேண் பல்கலைக்கழகத்திலே ஆசிரியராகவும் கடமையாற்றினார். 1913 இல் நண்பர் ஒருவரோடு கூடி, சிக்காக்கோவிலே இயங்கி வந்த சிறிய கணக்காய்வு நிறுவனம் ஒன்றை வாங்கித் தமது தொழிலைத் தொடங்கினார்.

'நேராக எண்ணு, நேராகப் பேசு' என்பது தாயாரிடமிருந்து அவர் கேட்ட அறிவுரை. அதுவே நிறுவனத்தின் மூலமந்திரமாயிற்று. புதிதாகச் சேர்வோர் ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு கதை சொல்லப்படும். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு புகையிரதக் கம்பனியின் தலைவர், செலவினங்களை மறைத்து இலாபத்தைக் கூட்டிக் காட்டும் கணக்குக்கு அண்டர்சனின் ஒப்புதலைக் கேட்டாராம். சிக்காக்கோ நகரத்துப் பணம் முழுவதையும் கொட்டிக் கொடுத்தாலும் தம்மால் இயலாது என்று அண்டர்சன் மறுத்தாராம். வாடிக்கையாளர் போய்விட்டார், சிறிது காலத்தில் அந்தக் கம்பனியும் வங்குரோத்தடைந்தது என்று கதை முடியும். வீட்டிலே பாட்டனார் பெருமையைப் பேரப்பிள்ளைக்குச் சொல்வதுபோல, தலைமுறை தலைமுறையாக இக்கதை சொல்லப்பட்டு வந்தது.

ஒரே அச்சில் வார்த்தவர்கள்

நிறுவனம் வளர்ந்தது. பல நகரங்களிற் கிளைகள் தோன்றின. வளரும் நிறுவனம் எதற்கும் ஏற்படும் சிக்கல் இதற்கும் ஏற்பட்டது. தூரத்துக் கிளையிலே வேலை செய்யும் முன்பின் அறியாத ஒருவரும் சிக்காக்கோவிலுள்ளவரைப் போன்றே வேலை செய்வார் என்பதற்கு என்ன உறுதி?

அண்டர்சன் கண்ட விடை பயிற்சி. பல்கலைக்கழகப் பட்டதாரிகளை இளமையிலேயே சேர்த்து, எல்லோருக்கும் ஒரே விதமான பாடத்தைப் புகட்டினார். 1947 இல் அவர் காலமான பின் தலைமையேற்ற லெனார்ட் ஸ்பசெக் 1963 வரை நிறுவனத்தை நடத்தினார். அவர் கணக்காளர் சமூகத்தின் தளர்ந்த விதிகளைப் பகிரங்கமாகக் கண்டித்துப் பேசிய துணிவுள்ளவர். அவர் காலத்தில், 1954 இல், ஜெனரல் எலெக்ரிக் கம்பனியின் கென்ரக்கித் தொழிற்சாலையிலே சம்பளக் கணக்கைக் கணினி கொண்டு செய்யும் புது முயற்சிக்கும் இந்நிறுவனமே துணை நின்றது. 1970 களின் தொடக்கத்தில், சிக்காக்கோவுக்கு மேற்கேயுள்ள சென் சாள்ஸ் என்னும் ஊரில் ஒரு பழைய கல்லூரி வளாகத்தை வாங்கி, அங்கே பெரும் பயிற்சிக்கூடம் அமைத்தனர். பல நாட்டு இளைஞரும் அங்கு வந்து, ஒரே விடுதியிலே தங்கி, ஒரே மேசையில் உணவருந்தி, ஒரே முறையைக் கற்றுத் திரும்பினர்.

எல்லாக் கிளைகளும் இலாபத்தைப் பொதுவிற் சேர்த்துப் பகிர்ந்துகொண்டன. எந்த நகரத்துக் காரியாலயத்துக்குச் சென்றாலும் ஒரே மாதிரியான கனத்த மரக்கதவுகள் வரவேற்கும். 'ஒரே நிறுவனம், ஒரே குரல்' என்பது அவர்கள் பெருமையோடு கூறிக்கொண்ட வாசகம். வெளியார் சிலர் அவர்களை இயந்திர மனிதர் என்று கேலி செய்ததும் உண்டு. எனினும் அந்த ஒற்றுமை உண்மையானது. அதனாற் பலருடைய வாழ்வு உயர்ந்தது. இதனை நாம் மறுத்தல் ஆகாது.

பேச்சு எடுபடாத நிபுணர்

காலப்போக்கிலே கணக்காய்வைக் காட்டிலும் ஆலோசனைத் தொழில் அதிக வருமானம் தரலாயிற்று. ஆலோசனைப் பிரிவினருக்கும் கணக்காய்வுப் பிரிவினருக்கும் பிணக்கு மூண்டு, 2000 ஆம் ஆண்டிலே இரு பகுதியாரும் பிரிந்தனர். பிரிந்த ஆலோசனைப் பிரிவு 2001 சனவரியில் அக்செஞ்சர் என்னும் புதுப் பெயர் பூண்டது. எஞ்சியவர்களோ, பெரிய வாடிக்கையாளர்களை இழந்துவிடலாகாது என்னும் கவலைக்கு ஆளாயினர். 2001 யூனில், வேஸ்ற் மனேஜ்மன்ற் என்னும் கம்பனியின் கணக்குகள் சம்பந்தமான வழக்கிலே 70 இலட்சம் டொலர் தண்டம் செலுத்த இணங்கினர். அஃது ஓர் எச்சரிக்கை மணி.

டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரிலே என்ரன் என்னும் எரிசக்திக் கம்பனி இருந்தது. அண்டர்சன் நிறுவனத்துக்கு 2000 ஆம் ஆண்டில் மட்டும் அக்கம்பனி 5 கோடியே 20 இலட்சம் டொலர் செலுத்தியது. அதிற் பாதிக்கு மேற்பட்ட தொகை, கணக்காய்வல்லாத பிற சேவைகளுக்கானது. கணக்காய்வுக் குழுவினர் என்ரனின் கட்டடத்திலேயே நிரந்தரமாக இடம் பெற்றிருந்தனர். அண்டர்சனிற் பணியாற்றியோர் பலர் பின்னர் என்ரனிலே பதவி பெற்றனர். கணக்குக் கொடுப்பவர் யார், கணக்குக் கேட்பவர் யார் என்று பிரித்தறிய இயலாத அளவுக்கு உறவு நெருங்கிவிட்டது.

அந்நிலையில், அண்டர்சன் நிறுவனத்திலிருந்த கணக்கியல் விதி நிபுணர் ஒருவர், என்ரன் கையாண்ட சில முறைகளை ஏற்றுக்கொள்ள மறுத்து எழுதினார். நிபுணர் கருத்தையும் மீறித் தீர்மானஞ் செய்யும் அதிகாரம் அங்கே வாடிக்கையாளருக்குப் பொறுப்பான பங்காளரிடம் விடப்பட்டிருந்தது. ஆகவே அவர் கூற்று எடுபடவில்லை. என்ரன் அதிகாரிகள் அவர்மீது முறையிட்டனர். 2001 மார்ச்சிலே, என்ரன் சம்பந்தப்பட்ட வேலைகளிலிருந்து அவர் விலக்கப்பட்டார்.

புகையிரதக் கம்பனியின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் இதனைச் செய்தனர். அண்டர்சன் வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு உண்மையை வைத்துக்கொண்டார் என்று அவர்கள் மனப்பாடமாகச் சொல்லியிருப்பர். தம் காலத்திலே அதே சோதனை வந்தபோது, உண்மை சொன்னவரையே விலக்கிவிட்டு வாடிக்கையாளரை வைத்துக்கொண்டனர்.

சரிந்த மாளிகை

2001 அக்டோபரில் என்ரன் பெரும் நட்டத்தை அறிவித்தது. அதே காலத்தில் ஹூஸ்டன் கிளையிலே என்ரன் சம்பந்தமான பத்திரங்கள் பெருந்தொகையாக அழிக்கப்பட்டன. டிசம்பர் 2 ஆந் திகதி என்ரன் வங்குரோத்துக்கு விண்ணப்பித்தது. 2002 மார்ச்சில், நீதிக்கு இடையூறு விளைத்ததாக நிறுவனத்தின் மீதே குற்றஞ் சாட்டப்பட்டது.

உலகெங்கும் அப்போது அங்கே பணிபுரிந்தோர் ஏறக்குறைய 85,000 பேர். அவர்களிற் பெரும்பாலார் என்ரனின் கணக்கேட்டைக் கண்ணாலும் கண்டறியாதவர்கள். ஹூஸ்டன் நீதிமன்றத்தின் முன்னும் வாஷிங்டன் நகரிலும் ஊழியர்கள் திரண்டனர். 'நான் அண்டர்சன்' என்று எழுதிய மேற்சட்டைகளை அணிந்து, தங்கள் குடும்பங்களைக் காக்குமாறு வேண்டி நின்றனர். அவர்களுடைய பற்று உண்மையானது. அவர்களுடைய கண்ணீரும் உண்மையானது. ஆயினும் வாடிக்கையாளர்கள் ஒருவர்பின் ஒருவராக விலகினர். யூன் மாதத்தில் யூரிமார் குற்றவாளியெனத் தீர்ப்பளித்தனர். ஆகஸ்ட் முடிவிலே அந்நிறுவனம் பொதுக் கம்பனிகளின் கணக்காய்வைக் கைவிட்டது. பல குழுக்கள் ஒன்றாகவே வேறு நிறுவனங்களுக்குப் பெயர்ந்து சென்றன. வேலையிழந்து நின்றோரும் பலர்.

2005 மே 31 ஆந் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம், யூரிமாருக்கு அளிக்கப்பட்ட அறிவுறுத்தல் பிழையானதென்று கூறி, ஒருமனதாக அத்தீர்ப்பை நீக்கியது. ஆனால் அதனைக் கேட்டு மகிழ அந்தப் பழைய குடும்பம் அங்கே இருக்கவில்லை.

நமது பிள்ளைகளுக்கு

இதிலிருந்து ஒற்றுமையே தீது என்று எவரும் கருதலாகாது. குழுவாகச் செய்யும் தொழிலில் நட்பும் கட்டுப்பாடும் இன்றியமையாதவை. இரவு பத்து மணிவரை பேரேட்டோடு போராடும் இளைஞனுக்கு, பக்கத்தில் இருப்பவன் தேநீர் வாங்கிக் கொடுப்பது பெரிய ஆறுதல். காரியாலயத்தின் விளையாட்டுப் போட்டியும், சுற்றுலாவும், கூடியுண்ணும் விருந்தும் மனிதரை மனிதரோடு சேர்க்கின்றன. ஆனால், அந்த உறவு, இளையவர் ஒருவர் 'ஐயா, இந்தப் பதிவு சரியாகத் தோன்றவில்லை' என்று சொல்வதைத் தாங்கக்கூடியதாயும் இருத்தல் வேண்டும். தாங்க முடியாத உறவென்றால், அதன் பயன் கேள்வி கேட்போரை அடக்குவதாகவே முடியும்.

அமெரிக்காவிலே 2002 யூலையில் இயற்றப்பட்ட சட்டம், கணக்காய்வாளர் தம் வாடிக்கையாளருக்குச் செய்யலாகாத சேவைகளை வரையறுத்தது. தலைமைப் பங்காளர் ஐந்து வருடங்களுக்கு ஒரு முறை மாறவேண்டுமென்றும் விதித்தது. சர்வதேசக் கணக்காய்வு நியமங்களின்படி, குழுவினுள் எழுந்த கருத்து வேற்றுமை தீர்க்கப்படும் வரை அறிக்கையிலே திகதியிடலாகாது. அந்நியமங்களைத் தழுவியே நமது நாட்டு நியமங்களும் அமைந்துள்ளன. ஆகவே, மாறுபட்ட கருத்தைக் கூறும் இளைஞன் அடங்காதவனல்லன். விதி வேண்டியதையே அவன் செய்கின்றான்.

பயிற்சிக்குப் புறப்படும் மாணவ மாணவியர் காரியாலயத்தின் பெயரையும் அளவையும் மட்டும் பார்த்து மயங்கலாகாது. அங்கு ஏற்கெனவே பணிபுரிவோரைக் கண்டு பேசுதல் நன்று. இளையவர் வேலையை மூத்தவர் உட்கார்ந்து பார்த்துத் திருத்துகின்றாரா? பெரிய வாடிக்கையாளரோடு பிணக்கு ஏற்பட்டால் தீர்மானிப்பவர் யார்? முன்னர் எப்போதேனும் தவறான கணக்குக்காக ஒரு வாடிக்கையாளரை விட்டுக்கொடுத்ததுண்டா? இம்மூன்றையும் கேட்டறிந்தால், சுவரிலே தொங்கும் பொன்மொழிகளை வாசிப்பதிலும் அதிகம் விளங்கும்.

நமது பிரதேசங்களிலே சிறிதாகத் தொடங்கி வளர்ந்துவரும் கணக்காளர் நிறுவனங்களின் பங்காளர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐந்து பேராக இருக்கும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே வேலை நடக்கும். ஐம்பது பேரானபின் அது நடவாது. பெருமைக் கதைகளை இளையோருக்குச் சொல்லுங்கள். அத்தோடு, இந்த வருடம் உங்கள் காரியாலயத்திலே பிழையைக் கண்டு சொன்ன இளையவர் ஒருவர் பெயரை எல்லோர் முன்னிலையிலும் எடுத்துக் கூறிப் பாராட்டுங்கள். அடுத்த வருடம் சேரவிருக்கும் பிள்ளைக்கு அது போதிய பாடமாகும்.