பட்டியலில் ஒரு வரியான 23-ஆவது பிரிவு

புது தில்லி: தலைநகரை ஒட்டியுள்ள குருகிராம், மானேசர், பரீதாபாத் பகுதிகளின் வாகன உதிரிபாகப் பட்டறைகளில் தொழிலாளர் விரல் இழப்பது அரிய நிகழ்ச்சி அல்ல. "சேஃப் இன் இந்தியா" என்ற அமைப்பு 2019 முதல் வெளியிட்டு வரும் அறிக்கைகள், இத்தகைய காயங்களுக்கு முதன்மைக் காரணமாகக் குறிப்பிடுவது தகட்டை அழுத்தி வடிவமைக்கும் "பவர் பிரஸ்" இயந்திரத்தைத்தான்.

ஒரு கையால் தகட்டை வைத்துக் கால் மிதியை அழுத்தினால் மேலிருந்து அச்சு இறங்கும். நாள் முழுவதும் இதே வேலை. கை விலகும் முன் கால் அழுத்திவிட்டாலோ, பழுதான இயந்திரத்தில் அச்சு தானாகவே இரண்டாம் முறை இறங்கினாலோ விரல்கள் தப்புவதில்லை. இரு கைகளாலும் பொத்தான்களை அழுத்தினாலன்றி இயங்காத அமைப்பும், கை குறுக்கிட்டால் அச்சை நிறுத்தும் ஒளி உணர்கருவியும் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளவையே. உற்பத்தி வேகம் குறையும் என்பதே அவற்றைப் பொருத்தாததற்கும், பொருத்தியதைக் கழற்றுவதற்கும் சொல்லப்படும் காரணம்.

இந்த இயந்திரத்தின் முன் 16 வயதுச் சிறுவன் நிற்கலாமா? 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் அடியோடு தடை விதிக்கவில்லை, நிபந்தனை விதித்தது. அதன் 23-ஆவது பிரிவின்படி, அபாயகரமானவை என மாநில அரசு குறிப்பிடும் இயந்திரங்களில் 18 வயது நிறையாத எவரையும், அவற்றின் ஆபத்துகளை முழுமையாக விளக்காமல் ஈடுபடுத்தக் கூடாது. போதிய பயிற்சி தந்திருக்க வேண்டும். அல்லது அனுபவமிக்க ஒருவரின் மேற்பார்வை இருக்க வேண்டும். பல மாநிலங்களின் விதிகளில் பவர் பிரஸ், மில்லிங் இயந்திரம், வட்ட ரம்பம் ஆகியவை இவ்வாறு குறிப்பிடப்பட்டன. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைத் துடைப்பது, எண்ணெய் இடுவது போன்ற பணிகளுக்கு 22-ஆவது பிரிவு தடை விதித்தது. மருத்துவரின் தகுதிச் சான்று இல்லாமல் இப்பருவத்தினரைப் பணியில் வைக்கவும் இயலாது.

ஆனால் இவையெல்லாம் "தொழிற்சாலை" என்ற வரையறைக்குள் வரும் இடங்களுக்கு மட்டுமே. மின்விசை இருந்தால் 10 பேர், இல்லையெனில் 20 பேர் என்பது அந்த வரையறை. ஆறு பேர் பணிபுரியும் பட்டறையில் அச்சு அதே விசையோடுதான் இறங்குகிறது.

2016 ஜூலையில் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. 14 முதல் 18 வயது வரையிலானோரை அபாயகரமான தொழில்களில் ஈடுபடுத்துவதற்கு முதன்முறையாக இச்சட்டத்தில் தடை விதிக்கப்பட்டது. மீறினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை. வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆயினும் 18 தொழில்கள், 65 செயல்முறைகள் என்றிருந்த பழைய அட்டவணை, சுரங்கம், எளிதில் தீப்பற்றும் பொருள்கள் மற்றும் வெடிபொருள்கள், அபாயகரமான செயல்முறைகள் என்று மூன்றாகச் சுருங்கியது.

மூன்றாவதன் பொருள் கவனிக்கத்தக்கது. தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்து அது கடன் வாங்கப்பட்டது. போபால் விஷவாயு விபத்துக்குப் பின் 1987-இல் அச்சட்டத்தில் சேர்க்கப்பட்டது. மூலப்பொருள்களாலும் கழிவுகளாலும் உடல்நலத்துக்கோ சுற்றுச்சூழலுக்கோ கேடு நேரும் தொழில்களையே அது குறிக்கிறது. நச்சுப் புகையை எண்ணி எழுதிய வரையறையில் விரலைத் துண்டிக்கும் இயந்திரத்துக்கு இடம் எங்கே? அவைகளில் விவாதம் பெரிதும் குடும்பத் தொழில்களுக்குத் தரப்பட்ட விலக்கைச் சுற்றியே அமைந்தது. இந்த இடைவெளி அதிகம் பேசப்படவில்லை. 2017 ஆகஸ்டில் அட்டவணை விரிவாக்கப்பட்டபோதும், தொழில்களையும் செயல்முறைகளையும் அடுக்கும் முறையே தொடர்ந்தது.

அடுத்து வந்தது 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம். செப்டம்பர் 22-இல் மக்களவையிலும், மறுநாள் எதிர்க்கட்சிகள் பெரும்பாலும் புறக்கணித்த நிலையில் மாநிலங்களவையிலும் நிறைவேறிய இது, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைகள் சட்டம் உள்பட 13 சட்டங்களின் இடத்தை இது எடுத்துக்கொண்டது. தொழிற்சாலைக்கான வரம்பு மின்விசை இருந்தால் 20 பேர், இல்லையெனில் 40 பேர் என உயர்ந்தது. ராஜஸ்தான் 2014-லேயே செய்துகொண்ட திருத்தம் இப்போது நாடு முழுமைக்குமாகிவிட்டது.

பழைய 23-ஆவது பிரிவு என்னவாயிற்று? புதிய சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், மத்திய அரசு தரநிர்ணயம் வகுக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில், "அபாயகரமான இயந்திரங்களில் வளரிளம் பருவத்தினரை ஈடுபடுத்துதல்" என்ற ஒரே வரியாக அது நிற்கிறது. பயிற்சி எவ்வளவு, மேற்பார்வை யாருடையது என்பனவற்றை முன்பு சட்டத்தின் வாசகமே வலியுறுத்தியது. அதை மாற்ற நாடாளுமன்றத்துக்கு வந்தாக வேண்டும். இனி அறிவிக்கை ஒன்றே போதும்.

சிறிய பட்டறைகளுக்கும் சட்டத்தில் ஒரு வழி விடப்பட்டுள்ளது. உயிருக்கு ஆபத்தானவை என்று மத்திய அரசு அறிவிக்கும் பணிகளில், ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் இச்சட்டம் பொருந்தும். பவர் பிரஸ் பணி அவ்வாறு அறிவிக்கப்பட்டால், பரீதாபாதின் ஆறு பேர் பட்டறையும் பாதுகாப்பு விதிகளின் வரம்புக்குள் வரும்.