குர்பானித் தோலின் விலை எங்கே போனது?

ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகை முடிந்து குர்பானி கொடுத்ததும், கறியைப் பங்கு பிரிப்பதிலேயே நம் கவனமெல்லாம் இருக்கும். தோல் ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும். முன்பெல்லாம் அதைக் கேட்டு மத்ரஸாவிலிருந்து காலையிலேயே ஆள் வந்துவிடுவார்கள். பல ஊர்களில் மத்ரஸாச் செலவின் ஒரு பகுதி தோல் பணத்தில் நடந்தது. இப்போது, "யாராவது எடுத்துப் போனால் சரி" என்கிறோம். சிலர் ஓடையில் கொண்டுபோய்ப் போட்டும் விடுகிறார்கள்.

நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை செத்துக் கிடந்த ஓர் ஆட்டைக் கண்டு, இதன் தோலைப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். செத்த ஆடாயிற்றே என்றார்கள் தோழர்கள். உண்பதுதான் ஹராம் என்று விளக்கினார்கள் நபியவர்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. செத்த ஆட்டின் தோலுக்கே இப்படியென்றால், அல்லாஹ்வுக்காக அறுத்த ஆட்டின் தோலை எறிவது எப்படிச் சரியாகும்?

விலை இறங்கியதற்குக் காரணம் நம் ஊரில் இல்லை. சிவகிரியில் உரிக்கும் தோல், சேர்ப்பவர், மண்டிக்காரர் என்று கைமாறி, கடைசியில் பதனிடும் ஆலைக்குப் போகிறது. திண்டுக்கல், ஈரோடு, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் இத்தொழிலால் பெயர் பெற்றவை. இதில் நம் சமுதாயத்தாரின் பங்கு பெரிது. அந்நாளில் ஆவாரம்பட்டைதான் சரக்கு. நம் தரிசுக் காடுகளில் மஞ்சளாகப் பூக்கிறதே, அதே ஆவாரைதான். பட்டையின் துவர்ப்பு ஏறிய தோல் அழுகாது. பின்னர் குரோம் உப்பு வந்தது. சென்னைக் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால் வந்ததுதான்.

ஆலைக் கழிவு பாலாற்றைக் கெடுத்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பான தீர்ப்பு வழங்கியது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவு கூடியது. அது நியாயமான செலவுதான். அந்த ஆற்றுத் தண்ணீரை நம்பியிருந்த மக்களும் மக்கள்தானே. இன்னொரு பக்கம் ரெக்சின், கேன்வாஸ் செருப்புகள் சந்தையைப் பிடித்தன. வெளிநாட்டு ஆர்டர் குறைந்தால் ஆலை நல்ல தோலை மட்டும் பொறுக்கி எடுக்கும். மற்றதை மண்டி தள்ளிவிடும். போதாததற்கு, பெருநாளன்று ஒரே நாளில் தோல் வந்து குவிகிறது.

உலகச் சந்தையை நம்மால் திருப்ப முடியாது. ஆனால் தள்ளப்படும் தோலில் பெரும்பகுதி நம் வாசலிலேயே கெடுகிறது. வெயில் காலத்தில் உரித்த சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கிவிடும். மயிரைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்தால், அதற்கு விலை கிடையாது. கத்தி கிழித்த ஓட்டையும் அப்படியே. கழுத்து, வயிறு, தொடைப் பக்கங்களில் கத்தியைக் குறைத்து, கைமுஷ்டியால் தள்ளி உரிக்கச் சொல்லுங்கள். ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சதையையும் எடுத்துவிட்டு, உட்புறம் மேலே தெரியும்படி நிழலில் விரித்து, ஓரம் விடாமல் கல்லுப்பைத் தேய்க்க வேண்டும். தோலின் எடையில் ஏறத்தாழப் பாதி உப்பு பிடிக்கும். இரண்டு கிலோத் தோலுக்கு ஒரு கிலோ. வெயிலில் காயப்போட வேண்டாம். பாலித்தீன் பையில் கட்டி வைத்தால் உள்ளே சூடேறி இன்னும் சீக்கிரம் கெடும்.

அறுப்பவருக்குக் கூலியாகத் தோலைக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. குர்பானியிலிருந்து எதையும் கூலியாகக் கொடுக்கக் கூடாது என்று அலீ (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) கட்டளையிட்டார்கள். கூலியைக் கையிலிருந்து கொடுத்துவிட்டு, தோலை ஏழைகளுக்கோ மத்ரஸாவுக்கோ கொடுங்கள்.

இந்தப் பெருநாளுக்குக் கல்லுப்பு மூட்டைகளை நாம் வாங்கி வைக்கிறோம். வீட்டில் உப்பு இல்லாதவர்கள் முதல் நாளே வந்து வாங்கிக்கொள்ளலாம். உப்பிட்ட தோல் சில நாள் தாங்கும் என்பதால், அன்றைக்கே கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை. எல்லாத் தெருத் தோலையும் சேர்த்து, மண்டியில் விலை பேசி அனுப்பலாம். கெட்டுப்போனதை ஓடையிலோ குளத்திலோ போடாமல் ஆழக் குழி வெட்டிப் புதையுங்கள்.